ஆட்டுத்தொட்டிச் சங்கீதம்

புளியந்தோப்பு என்று சொன்னால் சென்னையின் தென்கோடிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே ஆட்டுத்தொட்டி இருக்கிறது என்பதோடு அவர்கள் அறிந்த சரித்திரம் முடிந்துவிடும். இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கும் ஏறக்குறைய இதே கீர்த்திதான். கரிப்புகை, இரும்பு, சம்மட்டி. இவ்விரண்டு ஊர்களையும் நான் ஒன்றாக நினைக்கும்படி செய்தது ஒரு கிழவருடைய பாட்டு.

2019 நவம்பரில் ஆஸி ஆஸ்போர்ன் 'அண்டர் தி கிரேவ்யார்ட்' என்று ஒரு தனிப்பாட்டை வெளியிட்டார். கல்லறைக்கு அடியில் என்று அர்த்தம். மறு மாதம் அவருக்கு 71 வயது. அந்த வருஷ ஆரம்பத்தில் வீட்டில் வழுக்கி விழுந்து, சத்திர சிகிச்சை நடந்து, படுக்கையில் கிடந்தவர் அவர். 2020 ஜனவரியில் தமக்குப் பார்க்கின்சன் வியாதி என்பதையும் ஊரறியச் சொன்னார். அந்த வயதில் நம்மவர்கள் காசி யாத்திரைக்குக் கணக்குப் போடுவார்கள். இவரோ ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார்!

அவர் பாடியது 'ஹெவி மெட்டல்' என்ற ரகம். காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்தைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ள எனக்கே வெகு நாள் பிடித்தது. ஆனால் அது பிறந்த கதை தெரிந்த பிறகு அலட்சியம் செய்ய முடியவில்லை. ஆஸி 1948ல் பிறந்து பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். தகப்பனார் இராத்திரி ஷிப்டில் வேலை செய்த தொழிலாளி. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பையன் பார்த்த வேலைகளில் ஒன்று, மோட்டார் ஹாரன்களின் சுருதியைச் சரிபார்ப்பது. இன்னொன்று கசாப்புத்தொட்டியில்.

அவருடைய தோழர் டோனி அயோமியின் கதை இன்னும் விசேஷம். தகடு வெட்டும் தொழிற்சாலையில், வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, பதினேழு வயதுப் பையனின் வலது கை விரல்கள் இரண்டின் நுனியை யந்திரம் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைக்காரர். கிதாரின் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். இழுத்துக் கட்டிய தந்தி விரலை வருத்தவே, பிற்பாடு தந்திகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கிற்று, நாதம் கனத்தது. அந்தக் கனத்திற்குத்தான் பிறகு உலோகம் என்று பெயர் வந்தது. 1970ல் அவர்களுடைய 'பிளாக் சபாத்' கோஷ்டியின் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று.

புளியந்தோப்புக்கும் ஆலை உண்டு. பக்கத்துப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். 1918ல் திரு.வி.க.வும் வாடியாவும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தது அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான். 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் சாதியால் இரண்டு பட்டார்கள். ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. மில்லை 1996ல் இழுத்து மூடினார்கள்; பிறகு அங்கே சினிமாக்காரர்கள் செட் போட்டுப் படம் பிடித்தார்கள்.

அந்தச் சந்துகளில் சாவு விழுந்தால் இரவு முழுவதும் பாடுவார்கள். அதுதான் கானா. சட்டி, மேஜை, தகரம், கைக்கு எது அகப்பட்டதோ அதுவே தாளம். ஆஸி கல்லறையைக் கற்பனை செய்து பாடினார். நம்முடைய பாட்டுக்காரர்களுக்குக் கற்பனைக்கு அவசியமில்லை. பிணம் எதிரிலேயே கிடக்கும். செத்தவனுடைய குணம், குடி, கடன், அவன் பெண்டாட்டி பட்ட பாடு எல்லாம் பாட்டில் வரும். விடிந்ததும் பாட்டும் போய்விடும்.

சினிமா வெகு தாமதமாகத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. தேவா 1996ல் 'காதல் கோட்டை'யில் கானா பாடினார். 2006ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் தாமே திரையில் தோன்றிப் பாடினார். 2012ல் 'அட்டகத்தி' கானா பாலாவை ஊரறியச் செய்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் தொண்டை வறள ஊராருக்கெல்லாம் பாடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருடைய எழுபதாம் வயதுக் குரல் எப்படியிருந்தது என்று கேட்க நம்மிடம் என்ன இருக்கிறது? கச்சேரி வித்வான்களின் தள்ளாத குரலையெல்லாம் பத்திரமாகப் பதிந்து வைத்திருக்கிற பட்டணம்தான் இது. எனக்கு இதில் கோபமே உண்டு.

ஆஸி 2025 ஜூலை 5ஆம் தேதி, தாம் வளர்ந்த தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகப் பாடினார். நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். பதினேழாம் நாள் காலமானார். சவ ஊர்வலம் பர்மிங்காம் வீதியில் போனபோது, பித்தளை வாத்தியக்காரர்கள் அவருடைய கோஷ்டியின் பாட்டுகளையே முழக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். இருமருங்கும் ஜனங்கள் அழுதுகொண்டும் கூடவே பாடிக்கொண்டும் நின்றார்கள். புளியந்தோப்புக்காரர் யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால், எந்த வீட்டுச் சாவு என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்திருப்பார்.