கைமணியின் ஓசை

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விக்குக் கூடும் சிறுவரின் ஆரவாரம் நம்மில் பலருக்கு இடையூறாகவே தோன்றுகிறது. அவர்களை அதட்டி அடக்கிவிட்டு, மகிழ்ச்சியை நாம் திருவிழாவிலும் தேர்ப்பவனியிலும் தேடுகிறோம். சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலைத் தன்னகத்தே கொண்ட நம் வேலூர் மறைமாவட்டம் உருவானது 1952ஆம் ஆண்டில். அதன் பங்குகளில் ஞாயிறுதோறும் எழும் இந்த ஒலியோ, அதனினும் 400 ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோர் துணையால் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனனம் செய்தார். பின்னர், கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்தார். உண்ணவோ உறங்கவோ, திருப்புகழ்மாலை செபிக்கவோ விடாமல், செபம் கற்றுத்தருமாறு சிறுவர் தம்மைச் சூழ்ந்துகொண்டதை அவரே மடலில் எழுதினார். விண்ணரசு இத்தகையோரதே என்னும் ஆண்டவரின் சொல் அப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியது என்றும் குறிப்பிட்டார்.

அந்தக் கற்கும் ஆர்வத்திற்கு விடையாகவே, அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளில் இம்மண்ணில் அச்சான அம்முதல் நூல், 16 பக்கங்களே கொண்ட எளிய மறைக்கல்வி ஏடு!

களைத்திருந்த புனிதர் தொல்லையென ஒதுக்காத ஒலியில் விண்ணரசைக் கண்டார். அதே ஒலி இன்றும் நம் ஆலய முற்றத்தில் எழுகிறது. அடுத்த ஞாயிறு அதட்டுவதற்கு முன், ஒரு கணம் செவிசாய்ப்போம்.