சலுகை சீருடைக்கா, அவசரத்துக்கா? காவலரும் சாலைச் சட்டமும்

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வழியாகப் பந்திங் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே தடத்தில் நெருக்கியடித்து ஓடுகின்றன. மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இத்தகைய சாலையில் சைரன் இன்றி, அவசரமும் இன்றிச் சிவப்பு விளக்கைத் தாண்டும் ஒரு போலீஸ் வாகனத்தைச் சிறு ஒழுங்கீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டம் தரும் சலுகை அவசரப் பணிக்கு உரியது, சீருடைக்கு உரியதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அவசரம் இருந்ததா என்பதைக் காவல்படையே தனக்குள் தீர்மானித்துக்கொள்ளும் வரை அந்த வேறுபாடு ஏட்டளவில்தான் நிற்கும்.

சலுகையே கூடாது என்பதன்று. நெஞ்சுவலிக்காரரை ஏற்றிய ஆம்புலன்ஸும் கொள்ளையனைத் துரத்தும் ரோந்துக் காரும் பச்சை விளக்குக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் வேக எல்லையிலிருந்து விலக்குப் பெறுவது வேறு, பிறர் உயிர்மீது கவனம் வைக்கும் கடமையிலிருந்து விலக்குப் பெறுவது வேறு. 1959ஆம் ஆண்டின் 'கேனர் எதிர் ஆலன்' வழக்கில், 40 மைல் எல்லையுள்ள சாலையில் ஏறத்தாழ 60 மைல் வேகத்தில் போன காவலரின் மோட்டார் சைக்கிள் பாதசாரி ஒருவரை மோதியது. பணியில் இருந்தாலும், சாதாரணக் குடிமகன் காட்ட வேண்டிய அதே கவனத்தைக் காவலரும் காட்டியாக வேண்டும் என்று ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவும், எல்லைக்கு உட்பட்டு ஓட்டினால் பணி தடைபடும் என்ற நிலையில்தான் வேகச் சலுகை தருகிறது. 2022இல் அங்கே காவல் ஓட்டுநர்களுக்கான அளவுகோல் தளர்த்தப்பட்டபோதும், அதே பயிற்சி பெற்ற கவனமான காவலர் எப்படி ஓட்டியிருப்பார் என்ற கேள்வியோடு அது பிணைக்கப்பட்டது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8(1) பிரிவைப் படிக்கும்போது, இந்த மரபையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன்.

இந்தியா இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 210பி பிரிவு, சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரியே அதை மீறினால் இருமடங்கு தண்டம் என்கிறது. கொள்கை சரியானது, சட்டத்தை நன்கறிந்தவரின் மீறல் கனமானதுதான். ஆனால் அந்தத் தண்டத்தை எழுத வேண்டியவர் பெரும்பாலும் இன்னொரு காவலர். தமிழ்நாட்டில் 2024 மே மாதம் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். நாங்குநேரியில் சீருடைக் காவலர் ஒருவர் அரசுப் பேருந்தில் டிக்கெட் எடுக்க மறுத்தார். பணிக்கான பயண வாரண்ட் இல்லாமல் இலவசப் பயணம் கிடையாது என்றது போக்குவரத்துத் துறை. அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் அரசுப் பேருந்துகளுக்குப் போக்குவரத்துக் காவலர்கள் அபராதம் விதித்தார்கள். இரு துறைச் செயலாளர்களும் பேசித்தான் பூசல் தணிந்தது. அபராதங்கள் ஒவ்வொன்றும் விதிப்படி சரியாகவே இருந்திருக்கலாம். சட்டம் அங்கே பழிதீர்க்கும் கருவியாகத் தெரிந்ததுதான் பெரிய சேதம்.

மலேசியாவில் புகார் வழியும் குறுகலானது. 2005இல் துன் முகமது சைதீன் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்த சுயேச்சை அமைப்புக்குப் பதிலாக, 2023 ஜூலையில் ஐபிசிசி என்னும் காவல் நடத்தை ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அது விசாரித்துப் பரிந்துரைக்கலாமே தவிர, தானே தண்டிக்க முடியாது.

ஆகவே வேறொரு வழியைப் பரிந்துரைக்கிறேன். வேகத்தையும் சிவப்பு விளக்கு மீறலையும் பதியும் அவாஸ் கேமராக்களை இயக்குவது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே. காவல்படையோ உள்துறை அமைச்சின் கீழ் வருகிறது. கேமராவில் சிக்கும் ஒவ்வொரு போலீஸ் வாகனத்துக்கும் சம்மன் தானாகவே போகட்டும். அவசர அழைப்பின் பதிவு எண்ணையும் நேரத்தையும் காவல்படை காட்டினால் அது ரத்தாகட்டும். காட்டாவிட்டால், ஓட்டியவர் சொந்தப் பணத்தில் கட்டட்டும். நாங்குநேரியில் நேர்ந்ததுபோல் துறைகள் மோதிக்கொள்ளாதா என்று கேட்கலாம். அங்கே ஆட்கள் ஆட்களைத் தேர்ந்து பிடித்தார்கள். கேமரா யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இரகசியப் பணியில் உள்ள வாகனங்கள் காட்டிக்கொடுக்கப்படும் என்னும் மறுப்புக்கு வலு உண்டு. அவற்றின் பதிவுகளை மட்டும் மாஜிஸ்திரேட் ஒருவர் மூடிய அறையில் சரிபார்க்கலாம். ரத்தானவை எத்தனை, கட்டப்பட்டவை எத்தனை என்ற ஆண்டுக் கணக்கை, பெயர்களும் பதிவு எண்களும் இல்லாமல், நாடாளுமன்றத்தில் வைக்கலாம்.