முந்திரிக்கு மாமரம் என்ன உறவு?

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கம் போனால் முந்திரிக் காடுகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அரியலூர் மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடும் மரம். ஆனால் அது இந்த மண்ணில் பிறந்த மரம் அல்ல!

முந்திரியின் தாயகம் பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். பிரேசிலின் துப்பி மக்கள் சொன்ன 'அகாஜு' என்ற பெயர்தான் பிறகு 'காஜு' ஆனது.

அப்படியானால் நம் ஊரில் அதற்கு உறவே கிடையாதா? உண்டு. மாங்காய்ப் பால் பட்டால் உதடு புண்ணாகிறது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் கை வெந்துபோகிறது. சேங்கொட்டையும் அப்படித்தான். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம்.

இந்த உறவை இலைக்குள்ளேயும் படிக்கலாம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குத் தனி மரபணுத் தொகுதி உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது தாய்வழியாக மட்டுமே வருவதால், தாய்வழி வம்சாவளியைக் கண்டுபிடிக்க உதவுகிறது. 1986-ல் புகையிலையில் இது முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

2017-ல் வெளியான ஓர் ஆய்வில் முந்திரியின் பசுங்கணிகமும் படிக்கப்பட்டது. மாமரத்தில் ஏறக்குறைய 1,58,000 எழுத்துகள். முந்திரியிலோ சுமார் 1,72,000! காரணம் என்ன? செல்லின் இன்னொரு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சுமார் 6,700 எழுத்துள்ள ஒரு துண்டு உள்ளே புகுந்து, இரண்டு பிரதிகளாக நிற்கிறது. பூக்கும் தாவரங்களில் இது மிக அபூர்வம்.

இன்னொரு வியப்பு, ஜெர்மனியின் மெசெல் என்ற இடத்தில் சுமார் 4.7 கோடி ஆண்டு பழமையான முந்திரிக்கொட்டைப் புதைபடிவங்கள் கிடைத்தன. 2007-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆக, பிரேசிலுக்கு வெளியேயும் முந்திரியின் மூதாதையர் வாழ்ந்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் கல்மரம் கிடக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அதை 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்த காலத்து மரம் அது. கல்லாகிவிட்ட அதில் மரபணு எதுவும் மிஞ்சவில்லை.

ஒரு மரத்தின் கதையைக் கல் சொல்கிறது, இன்னொன்றின் கதையை இலை சொல்கிறது. முந்திரி கடல் தாண்டி வந்த விருந்தாளிதான். ஆனால் வந்த இடத்தில் ஒன்றுவிட்ட சொந்தமாக மாமரம் ஏற்கெனவே காத்திருந்தது!