யார் கையில் ஏ.டி.எம். அட்டை?: தென்சென்னைப் பதின்வயதினரின் வறுமையும் சுயநிர்ணயமும்

பதின்வயதினர் தம் வாழ்க்கை குறித்துத் தாமே முடிவெடுப்பதைச் சுயநிர்ணயம் என்று கொண்டு, அதை அளக்கும் வினாநிரல்களை அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வெமேயர், கேரி ஷோக்ரன் முதலியோர் வகுத்தனர். 13 முதல் 22 வயது வரையுள்ளோரில் மாற்றுத்திறனாளிகளிடமும் மற்றவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம் என்பது இம்முறையின் சிறப்பு. குடும்ப வறுமையை அறிய அங்கே கைக்கொள்ளும் குறி, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்கு மாணவர் தகுதி பெற்றவரா என்பது. சென்னையில் இந்தக் குறி செல்லாது. தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-இல், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1982-இல் வந்த சத்துணவுத் திட்டமும் பிள்ளைகளிடம் வருமானச் சான்று கேட்டுச் சோறு போடவில்லை. திட்டத்துக்கு அது பெருமை, ஆய்வாளருக்குத்தான் சங்கடம்.

குறியை மாற்றினால் மட்டும் சிக்கல் தீராது. வறுமை ஒரு குறை, உடற்குறையோ அறிவுத்திறன் குறையோ இன்னொரு குறை, இரண்டும் சேர்ந்தால் சுயநிர்ணயம் இரட்டிப்பாகக் குறையும் என்ற கூட்டல் கணக்கே இங்குப் பொருந்தவில்லை என்பது என் வாதம். வறுமை முடிவெடுக்கும் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையிடமிருந்தோ முடிவெடுக்கும் வாய்ப்பையே நம் வீடும் அலுவலகங்களும் பறித்துக்கொள்கின்றன.

முதலாவதற்கு ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை எடுத்துக்கொள்வோம். பக்கிங்காம் கால்வாயோரத்து வீடுகள் 2022 மே மாதத்தில், பொதுத்தேர்வுக் காலத்தில் இடிக்கப்பட்டன. போராட்டம் வெடித்த பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தரப்படும் என்ற உறுதி கிடைத்தது. அதுவரை பேச்செல்லாம் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அவர்களைக் குடியமர்த்துவது பற்றித்தான். பள்ளியை மாற்றுவதா, உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பதா, படிப்பை விட்டுத் தி.நகர்த் துணிக்கடையில் நிற்பதா என்று பதினாறு வயதில் யோசிக்க நேர்ந்தால் அது முடிவெடுத்தல்தான். ‘என் எதிர்காலத்தை நானே திட்டமிடுகிறேன்’ என்பதுபோன்ற கூற்றுக்கு அந்தப் பிள்ளை ‘ஆம்’ என்று குறித்தால் மதிப்பெண் ஏறும். நெருக்கடியில் எடுத்த முடிவையும் விரும்பி எடுத்த முடிவையும் வினாத்தாள் ஒரே தட்டில் வைக்கும்.

இரண்டாவதற்குப் பேருந்து நல்ல சான்று. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் வேண்டாம். நல்ல சலுகைதான். ஆனால் உடன் வருபவர் பெரும்பாலும் அம்மா. வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவென்றால் அன்றைய சம்பளம் போச்சு. படி உயர்ந்த பேருந்தில் தனியே ஏற முடியாததால்தான் துணை தேவைப்படுகிறது. உயர்நீதிமன்றம் வரை வழக்காடிய பின் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அம்மா உடன் வராமல் நண்பர்களோடு பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போய்வருவது ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எந்தப் பயனாளர் பட்டியலும் காட்டாது.

பணத்தில்தான் வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் மாணவியின் சொந்தக் கணக்குக்கே போகிறது. 2024-இல் மாணவர்களுக்கு வந்த தமிழ்ப்புதல்வனும் அப்படியே. அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2000 ரூபாய், தொகையில் இருமடங்கு. ஆனால் பெயருக்கேற்ப அது பராமரிப்பவர் கையில்தான் புழங்குகிறது. வங்கி முகப்பில் நின்று பாருங்கள்: ஊழியர் அம்மாவைப் பார்த்து, ‘பையனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?’ என்பார். பையன் பக்கத்தில்தான் நிற்பான். பத்து வயது நிரம்பிய சிறார் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே அனுமதித்தது. பதினெட்டு தாண்டிய இந்தப் பையனிடமோ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படியான பாதுகாவலர் சான்று கேட்கப்படுவது வழக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 13-ஆம் பிரிவு, தம் நிதி விவகாரங்களைத் தாமே நடத்த மற்றவர்களுக்கு நிகரான உரிமையை அவர்களுக்கு அளித்த பிறகும் இதுதான் நடைமுறை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கோட்டூர்புரத்து வாரியக் குடியிருப்பில் அந்த 2000 ரூபாய்தான் அரிசியும் ஆட்டோ வாடகையும். அதை அம்மாவின் கையிலிருந்து எடுத்துப் பிள்ளையிடம் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? மறுப்பு சரியே. வசதியான வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் கைச்செலவுக் காசாவது தனியே கிடைக்கலாம். ஏழைப் பிள்ளையின் பெயரில் வரும் காசு குடும்பத்தின் காசாகிவிடுகிறது. எனவே பிள்ளைக்கும் தாய்க்கும் போட்டி வைக்காமல், பிள்ளைக்கான தொகையையும் பராமரிப்பவருக்கான தொகையையும் தனித்தனியே பிரிப்பதே வழி. மிகு ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படியை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. தாயின் உழைப்புக்கு அந்தப் படி கட்டுப்படியாகும் அளவில் இருந்தால், பிள்ளையின் தொகையில் ஒரு பங்கு, முந்நூறு ரூபாயானாலும், அவன் தன் விருப்பப்படி செலவழிக்கவும் வீணடிக்கவும் மிஞ்சும். வீணடிக்கும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு அது கேட்காமலே கிடைக்கிறது.