அளவளாவலும் அயலவரும்

வரலாறு அரசவையில் மட்டும் நிகழ்வதன்று. நாலு பேர் கூடி அளவளாவும் இடத்திலும் அது நிகழ்கின்றது. திருநெல்வேலியிலே இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் இல்லத்து வட்டமான முற்றத்தில் நண்பர்களோடு அமர்ந்து, கம்பன் கவியையும் வாழ்வையும் பற்றி உரையாடினார். அக்கூட்டம் ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது.

பெயர் பெறாத வட்டத்தொட்டிகள் ஊர்தோறும் உண்டு. கடலுக்கு இக்கரையில், மன்னார்த் தீவின் உப்புக்குளத்தை எண்ணிப் பாருங்கள். 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. புகைவண்டியோடு புதிய உலகமும் வந்திறங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இத்தகைய மாற்றங்களின் பொருளை, மீன்விலை பேசும் வாயாலேயே மக்கள் ஆராய்வது இயல்பு அன்றோ?

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். உப்புக்குளத்து முஸ்லிம்களும் ஊர் நீங்கினர். வீடும் வலையும் மட்டுமா போயின? ஊரின் பேச்சிலே ஒரு பாதியும் போயிற்று. ஊர் யாருடையது, அயலவர் யார் என்னும் பெருவினாக்களுக்கு எஞ்சியவர்கள் தமக்குள்ளேயே பேசி விடை காணல் இயலாது.

2009இல் போர் முடிந்தபின் மக்கள் மீளத் தொடங்கினர். 2015இல் தலைமன்னார்த் துறைக்குப் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. தண்டவாளத்தை அரசு இட்டுவிடலாம்; அறுந்த பேச்சை அயலவரே தொடங்கல் வேண்டும். ‘சுகமாயிருக்கிறீர்களோ?’ என்னும் ஒரு வினாவே அதற்குப் போதும்.