செங்கண்டல்

அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசக் கரைகளிலும், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் மேற்கு ஆப்பிரிக்காவிலும், பிற மரங்கள் காலூன்றத் துணியாத உப்புச்சேற்றின் விளிம்பில் செழித்து வளர்வது செங்கண்டல். பிச்சாவரத்துக் கழியில் படகேறிச் சென்றவர்கள் கண்டிருக்கும் சுரபுன்னை இதன் பேரினத்தைச் சேர்ந்ததே. 'வேர் தாங்கி' என்று பொருள்படும் ரைசோபோரா என்ற கிரேக்கப் பெயரையும், மாங்கிள் என்ற சிற்றினப் பெயரையும் 1753-இல் லின்னேயஸ் நூலில் ஏற்றினார். தோல் பதனிடுவோர் நாடும் துவர்ப்பொருள் நிறைந்த அதன் பட்டை உட்புறம் சிவந்திருக்கும்.

அடிமரத்திலிருந்து வில்லாய் வளைந்து சேற்றில் இறங்கும் அதன் ஊன்றுவேர்கள், காற்றே புகாத சேற்றுக்குள் எவ்வாறு சுவாசிக்கின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1955-இல் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும், நீர்மட்டத்துக்கு மேலுள்ள வேர்ப்பட்டையின் நுண்துளைகளைப் பசையிட்டு அடைத்துப் பார்க்க, இரண்டே நாளில் வேருக்குள் பிராணவாயு பெரிதும் குன்றிவிட்டது.

விதையின் கதை இதனினும் விசித்திரமானது. கனி உதிருமுன்னரே அதைப் பிளந்துகொண்டு வெளிவரும் முளை, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைச் சுருட்டுப்போல், அடி பருத்து நுனி கூர்ந்து, மாதக்கணக்கில் தாய்மரத்திலேயே தொங்குகிறது. விழுந்தபின் முதலில் படுத்து மிதந்து, நாளடைவில் நிமிர்ந்து நின்று, தரை தட்டிய இடத்தில் வேர்விடுகிறது.

இம்மரம் கடலிலிருந்து நிலத்தை மீட்டுத் தருகிறது என்ற அபிப்பிராயம் பழமையானது. புளோரிடாவின் கண்டற்காடுகளை ஆராய்ந்த டேவிஸ் 1940-இல் அதற்குச் சாஸ்திர வடிவம் தந்தார். அதே புளோரிடாவில் நெருப்பையும் புயலையும் கணக்கில் கொண்ட எக்லர் 1952-இல் அதை மறுத்தார். மெக்சிகோவின் டபாஸ்கோ கழிமுகத்தை ஆராய்ந்த தாம் என்ற ஆய்வாளர், 1967-இல், நிலம் மாறும் போக்கையே மரம் பின்தொடர்கிறது என்றார். பிந்தியவர்கள் பக்கமே நியாயம் மிகுதி என்று தோன்றுகிறது. எனினும் சேற்றைப் பிடித்து நிறுத்தும் சக்தி இதற்கு இல்லையென்று எவரும் சொன்னதில்லை.

அந்தச் சக்தியை நம்பித்தான், 1902-இல், மலையிலிருந்து மழை அரித்துவரும் மண்ணைத் தடுக்க, இயற்கையில் கண்டலே இல்லாத ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலொக்காயின் கரையில் புளோரிடாச் செங்கண்டலை நட்டார்கள். அது மண்ணையும் பிடித்தது. அடுத்தடுத்த தீவுகளுக்கும் பரவி, ஹவாய் மூதாதையர் கல்லடுக்கிக் கட்டிய மீன்குளங்களையும் மூடியது. அங்கே இப்போது தொண்டர்கள் சேற்றில் இறங்கி, இளங்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.