மனச்சுமையில் தவிக்கும் அம்மாக்கள்: கோலமும் பாட்டும் எவ்வளவு உதவும்?

டிபன் பாக்ஸ், துணி, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், மாமியாரின் மாத்திரை, ஆபீஸ் மெயில். எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் ஓடும்போது, "கொஞ்சம் உட்கார்ந்து படம் வரையேன்" என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலுக்கான காரணம் அரசின் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது.

நேரம் எங்கே போகிறது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதில் பெண்களுக்கு 137 நிமிடங்கள், ஆண்களுக்கு 75 நிமிடங்கள். 2019 ஆய்வில் வீட்டு வேலைக்கான கணக்கு பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து ஆண்டுகளில் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

கலை உண்மையிலேயே உதவுமா?

ஓரளவுக்கு உதவும். 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த உலக சுகாதார அமைப்பின் 2019 அறிக்கை, கலைச் செயல்பாடுகள் மனநலத்துக்குத் துணை நிற்பதாகச் சொல்கிறது. அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, படத்துண்டுகளை வைத்து விருப்பம்போல் எதையாவது செய்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருக்கிறதா, இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் தரவில்லை.

இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 அம்மாக்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அறிகுறிகள் ஓரளவு கடுமையாக இருந்தவர்களில், குழுவாகப் பாடியவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

• புள்ளிக் கோலம்: வாசலே வேண்டும் என்றில்லை. பழைய நோட்டும் பேனாவும் போதும். புள்ளி வைத்து இழுக்கும்போது கவனம் ஒரே இடத்தில் நிற்கும்.

• பாட்டு: தாலாட்டோ சினிமாப் பாட்டோ, குழந்தையோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள். சுருதி விலகினால் விலகட்டும்.

• எழுத்து: மனதை அழுத்துவதை 15 நிமிடம், நான்கு நாள் எழுதும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் சோதித்தார். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம். எழுத எழுத மனம் இன்னும் கனத்தால் நிறுத்திவிடுங்கள்.

• தையல்: வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, சாதாரண ரன்னிங் ஸ்டிச் போட்டே காந்தா போர்வைகளை உருவாக்கினார்கள். ஒரு கைக்குட்டையில் தொடங்கலாம். எப்போது வேண்டுமானாலும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்பது இதில் பெரிய வசதி.

ஒரே ஒரு நிபந்தனை: முடித்தே ஆகவேண்டும், ஸ்டேட்டஸில் போட்டே ஆகவேண்டும் என்று வந்துவிட்டால் இதுவும் இன்னொரு வேலையாகிவிடும்.

எப்போது இது போதாது?

இந்தியாவில் பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக, 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை மதிப்பிட்டது. இரண்டு வாரங்களுக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

சரி, அந்த 15 நிமிடம் எங்கிருந்து வரும்? அம்மாவின் தூக்கத்திலிருந்து எடுத்தால் பலனில்லை. 88 நிமிடக்காரர் இன்னொரு 15 நிமிடம் பாத்திரம் தேய்த்தால் கிடைத்துவிடும்.